நூறு மீற்றரில் இரண்டு புள்ளி

சிவநேசன் அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். வாய் தவறிச் சொன்னது அல்ல. தெரிந்து சொன்னது.

அன்று காலை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொட்டகைக்கு முன்னால் வரிசையில் நின்றோம். இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. என் சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. வெள்ளைத் தொப்பியோடு எங்கள் முன்னால் வந்து நின்றீர்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் இலக்கத்தையும் சொல்லி, அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

"ரைஃபிள் ஃபோர். நோ சேஞ்ச்."

நாலாம் துப்பாக்கி அன்று எனக்கு.

இந்தத் தொடரில் இதுவரை கண்ணாடிக் கடைக் கதைகளைத்தான் எழுதினேன். வாசித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்தக் கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

கோயிலுக்குப் போகிற பெண்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடை ஒன்றில் நான் கண் பார்க்கிறேன். அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் பார்த்தேன். முப்பது வருடமாக என் வேலை ஒரே கேள்விதான்: "இது தெளிவோ, அது தெளிவோ?"

சிவநேசன் வெள்ளவத்தைக் கடைக்கு வாடிக்கையாளராக வந்தவர். கணக்காளர். ஹெவ்லொக் டவுனில் வீடு. ஹெந்தளைக்கு அப்பால் உள்ள ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குச் செயலாளர். விளையாட்டுத் துப்பாக்கி, சின்னக் குண்டு. கழகத்தின் பெயரை எழுதமாட்டேன். அங்கே உள்ள எல்லோரும் குற்றவாளிகள் அல்ல.

"இலக்குத் தெரியுது. துவக்கில பூட்டின ஸ்கோப்புக்கு உள்ளுக்க இருக்கிற சிலுவைக் கோடு மங்குது. ரெண்டும் ஒண்டாத் தெரியேல்லை, தங்கச்சி."

வில்லையைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கேக் பெட்டியோடு வந்தார்.

"ஞாயித்துக்கிழமையில என்ன செய்யிறனீங்கள்?"

"உடுப்புத் தோய்க்கிறனான்."

"அதைப் பின்னேரம் தோயுங்கோ. காலமை எங்களோட வாங்கோ. உங்களுக்கு நல்ல கண்."

என் ஞாயிறு எப்படி என்று அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு அறை, ஒரு சமையல் மூலை. தம்பி கனடாவில். அவன் போன் எடுத்தால் நாங்கள் காலநிலை கதைப்போம். அங்கே குளிர், இங்கே வெக்கை. அதோடு முடிந்துவிடும். மேல் வீட்டில் ஞாயிறு மத்தியானம் நண்டுக்குழம்பு. மணம் மட்டும் எனக்கு வரும். கடற்கரை ரயில் போனால் என் யன்னல் கண்ணாடி நடுங்கும். நாள் முழுவதும் எனக்குக் கிடைக்கிற சத்தம் அதுதான். எட்டு மணிக்குள் உடுப்புத் தோய்த்து முடித்துவிட்டால், இருட்டும்வரை செய்ய எதுவும் இல்லை.

போனேன். பஸ் ஏறிப் புறக்கோட்டை, அங்கே இறங்கி இன்னொரு பஸ்.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"துவக்கோ! உனக்கென்ன பிள்ளை விசரே? தனியா இருக்கிற தமிழ்ப் பொம்பிளை துவக்குத் தூக்கினா ஆர் என்ன கதைப்பினம்?"

"லைசென்ஸ் உள்ள கிளப் அம்மா. எல்லாம் சட்டப்படி."

"சட்டம் உனக்குத் தெரியும். ஒழுங்கையில இருக்கிற சனத்துக்குத் தெரியுமோ? நீ வாயைத் திறவாதை. ஹெந்தளைப் பக்கம் ஒரு கோயிலுக்குப் போறாள் எண்டு நான் சொல்லுறன்."

சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நான் பெரிய பக்தை. பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனின் பரீட்சைக்கு அர்ச்சனை செய்யச் சொல்லிப் பெயர் நட்சத்திரம் எல்லாம் தந்தாள். பிரசாதம் எங்கே என்று கேட்டாள். புறக்கோட்டையில் லட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பையன் பாஸ். அந்தக் கோயிலுக்குச் சக்தி அதிகம் என்று இப்போது வேறு ஆட்களும் கேட்கிறார்கள்.

கழகத்திலும் எனக்குச் சிநேகிதர் கிடைத்ததாக நினைக்க வேண்டாம். தேநீர் நேரத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் தங்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றிக் கதைப்பார்கள். நான் கோப்பையோடு தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். ஆனால் பாயில் குப்புறப் படுத்துக் காதை மூடிவிட்டால் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. அந்த நேரத்தில் எல்லோரும் என்னைப்போல்தான். அதற்காகவே வருடக்கணக்காகப் போனேன்.

எழுத்து அட்டையும் புள்ளியும்

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம்.

கண் பார்க்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. நல்ல கண்ணுக்கு என்று வைத்த வரியில் ஒரு எழுத்தின் உயரம் ஒன்பது மில்லிமீற்றருக்குக் கிட்ட இருக்கும். ஆறு மீற்றரில் இருந்து பார்க்க வேண்டும். எங்கள் கடையின் நீளமே மூன்று மீற்றர்தான். அதனால் முன்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, அட்டையைப் பின்னால் இடம் வலம் மாறிய எழுத்தில் வைத்து ஆறாக்குகிறோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு லொறிச் சாரதி அந்த அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நான் அட்டையைத் திருப்புவதற்கு முன்பே கடைசி வரியைச் சொல்லிவிட்டார். "ஐயா, அட்டை இன்னும் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது" என்றேன். "உங்களுக்கு நேரம் மிச்சம்தானே மிஸ்" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த எழுத்தை ஏன் அந்த உயரத்தில் எழுதினார்கள்? மில்லிமீற்றருக்காக அல்ல, கோணத்துக்காக. ஆறு மீற்றரில் அது கண்ணில் ஐந்து மினிட் கோணத்தைப் பிடிக்கும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு மினிட். பள்ளிக்கூடத்தில் கலை என்று படித்தோம். அட்டையை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் எழுத்தும் இரண்டு மடங்கு உயரமாக வேண்டும். அப்போது கோணம் மாறாது. கண்ணுக்கு மீற்றர் தெரியாது. கோணம்தான் தெரியும்.

துப்பாக்கியின் ஸ்கோப் என்பது தொலைநோக்கிதான். அதற்குள் ஒரு சிலுவைக் கோடு. கோட்டின்மேல் சம இடைவெளியில் புள்ளிகள். அழகுக்கு வைத்ததல்ல. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் ஒரு மில். ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் மீற்றர் தூரத்தில் ஒரு மீற்றரை அடைக்கிற கோணம். நூறு மீற்றரில் அதே இடைவெளி பத்துச் சென்ரிமீற்றர். மினிட்டில் சொன்னால் ஏறக்குறைய மூன்றரை. மினிட்டில் அளக்கிற ஸ்கோப்புகளும் இருக்கின்றன. எங்களுடையது மில்.

இதனால் பயன் இரண்டு. ஒன்று, பொருளின் அகலம் தெரிந்தால் தூரம் சொல்லலாம். அரை மீற்றர்ப் பலகை ஐந்து இடைவெளியை அடைத்தால் அது நூறு மீற்றரில் நிற்கிறது. தூரம் தெரிந்தால் அகலம் சொல்லலாம். இரண்டும் தெரியாவிட்டால் கோணம் வெறும் எண்.

மற்றது, குண்டு நேராகப் போகாது. விழும். எங்கள் துப்பாக்கிகள் ஐம்பது மீற்றருக்கு மையம் பிடித்தவை. அதே குண்டு நூறு மீற்றருக்குப் போகும்போது இருபது சென்ரிமீற்றர் அளவில் விழுந்துவிடும். அதாவது இரண்டு மில். ஆகவே நூறு மீற்றரில் சிலுவையின் மையத்தை இலக்கில் வைக்கக்கூடாது. கீழே உள்ள இரண்டாவது புள்ளியை வைக்க வேண்டும். அப்போது குழல் அந்த அளவுக்கு உயரும், விழுகிற குண்டு இலக்கில் விழும்.

நூறு மீற்றரில் இரண்டு புள்ளி. பஸ்ஸில் போகும்போது இதைச் சொல்லிக்கொண்டு போவேன். உதடு அசைவதைப் பார்த்தவர்கள் மந்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு வகை ஸ்கோப்

இன்னும் ஒரு விஷயம். இதுதான் முக்கியம்.

ஸ்கோப்பில் ஒரு வளையம் இருக்கும். திருப்பினால் காட்சி பெரிதாகும், சின்னதாகும். ஒரு வகை ஸ்கோப்பில் காட்சியோடு சேர்ந்து புள்ளிகளும் பெருக்கும், சிறுக்கும். மற்ற வகையில் காட்சி மட்டும் மாறும், புள்ளிகள் அப்படியே நிற்கும்.

போனில் படம் எடுக்கிறீர்கள். துணிக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து எடுத்தால், படத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் அடிமட்டமும் சேர்ந்து பெருக்கும். அளவு சரியாக இருக்கும். அதைவிட்டு, போனின் திரைமேல் அடிமட்டத்தை ஒட்டிவிட்டுப் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். துணி பெருக்கும், அடிமட்டம் பெருக்காது. அது சொல்லும் அளவு பொய்.

இரண்டாம் வகை ஸ்கோப்பில் புள்ளிகள் ஒரேயொரு நிலையில்தான் உண்மை சொல்லும். அநேகமாகக் காட்சி ஆகப் பெரிதாக இருக்கும் நிலையில். அதைப் பாதியாகக் குறைத்தால் ஒரு இடைவெளி ஒரு மில் அல்ல, இரண்டு மில். நீங்கள் இரண்டு புள்ளி வைத்தால் நாலு மில் வைத்தீர்கள்.

கூடாத ஸ்கோப் என்று சொல்லவில்லை. எந்த வகை என்று தெரிந்தால் இரண்டும் நல்ல ஸ்கோப்தான். ஆனால் வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. தெரிய வேண்டும். அதற்காகத்தான் எங்கள் கழகத்தில் அந்த வழக்கம். துப்பாக்கிகள் பொதுச் சொத்து, கை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் வெடிக்கு முன் செயலாளர் எல்லோர் முன்னாலும் நின்று மாற்றங்களை வாயால் சொல்ல வேண்டும். ஒரு திருகாணி மாற்றினாலும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதை நம்பித்தான் நாங்கள் படுக்கிறோம்.

நாலாம் துப்பாக்கியில் வருடக்கணக்காக இருந்தது முதல் வகை.

டங் என்று ஒரு சத்தம்

அன்று வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்கிற நாள். ஐம்பது மீற்றர்ச் சுற்றில் நான் முதலாவது. அந்தத் தூரத்தில் மையத்தை வைத்தே சுடுவோம். மையம் எந்த ஸ்கோப்பிலும் எந்த நிலையிலும் மையம்தான். அதில் எதுவும் வெளிவரவில்லை.

அடுத்தது நூறு மீற்றர். ஒரு சட்டத்தில் ஐந்து இரும்புத் தட்டுகள் வரிசையாகத் தொங்கும். அரை நிமிடத்தில் ஐந்தையும் சுட வேண்டும். நடுத் தட்டுக்கு மேலே வரிசை இலக்கம் எழுதிய தகரம். விசில் ஊதும்வரை ஸ்கோப்பின் மூடியைத் திறக்கக்கூடாது என்பது விதி. மூடியபடியே வளையத்தைப் பாதிக்குத் திருப்பி வைத்தேன். வேகச் சுற்றில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். காட்சி அகலமாக இருந்தால்தான் தட்டுகளைத் தேடி அலையாமல் சுடலாம்.

விசில். மூடியைத் தட்டித் திறந்தேன். முதல் தட்டு, இரண்டாவது புள்ளி, வெடி. சத்தமில்லை. குண்டு தட்டுக்கு மேலால் போய் மண்மேட்டில் புகுந்தது. இரண்டாவது தட்டு. அதுவும் அப்படியே. இரண்டாவது புள்ளிதானா என்று பார்த்தேன். இரண்டாவதுதான். மூன்றாவது தட்டு.

டங்.

தட்டு அல்ல. தகரம்.

"ஸ்டொப்! ஸ்டொப்! ரைஃபிள் டவுன்!"

சுடுதளத்துக்குப் பொறுப்பான ஒஃபிசர் ஓடிவந்தார். ஓய்வுபெற்ற இராணுவக்காரர், சிங்களவர், நேர்மையான மனிதர். இலக்குத் தவிர வேறு எதிலும் குண்டு பட்டால் ஆளை எழுப்பிவிடுவது விதி. எழுப்பினார். முழங்காலில் பாயின் அச்சோடு எழுந்து நின்றேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

அன்று மாலை கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதினார். கவனக்குறைவாம். பாதுகாப்புக்கு ஆபத்தாம். செயற்குழு முடிவெடுக்கும்வரை நான் சுடுதளத்துக்குள் வரக்கூடாதாம். அதன் கீழே பெருவிரல், பெருவிரல், பெருவிரல். அவ்வளவு காலமும் என்னோடு ஒரே கேத்தலில் தேநீர் குடித்தவர்களின் பெருவிரல்கள்.

வளையத்தைத் திருப்பினேன்

அடுத்த கிழமை என் அலுமாரியின் திறப்பை, அதாவது சாவியை, திருப்பிக் கொடுக்கக் கொட்டகைக்குப் போனேன். நாலாம் துப்பாக்கி துடைக்கும் மேசையில் கிடந்தது. ஆணித் தண்டு கழற்றியிருந்தது. சுட முடியாத நிலை. ஒஃபிசர் பக்கத்தில் நின்றார்.

"ஒரு தடவை ஸ்கோப்புக்குள்ள பாக்கலாமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பலன்ன, பலன்ன. பார்ப்பதற்கு என்ன?"

நூறு மீற்றரில் அரை மீற்றர்ப் பலகை நின்றது. காட்சியை ஆகப் பெரிதாக்கினேன். பலகை ஐந்து இடைவெளியை அடைத்தது. சரி. வளையத்தைப் பாதிக்குத் திருப்பினேன். பலகை சுருங்கியது. புள்ளிகள் சுருங்கவில்லை. இப்போது பலகை இரண்டரை இடைவெளி.

மீண்டும் திருப்பினேன். மீண்டும் அதே.

நாலு மில் வைத்துச் சுட்டிருக்கிறேன். தேவைப்பட்டது இரண்டு. மிச்சம் இரண்டு மில், இருபது சென்ரிமீற்றர். தகரம் இருந்த உயரம்.

ஒஃபிசரையும் பார்க்கச் சொன்னேன். அவரே வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். மூக்கால் பெரிய மூச்சு விட்டார். "இது அந்த ஸ்கோப் இல்லை. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, மிஸ். காலையில் சொன்னதைத்தான் நானும் கேட்டேன்" என்றார்.

பிறகு அவரே தாங்கியில் இருந்த ஏழாம் துப்பாக்கியை எடுத்துத் தண்டைக் கழற்றிவிட்டுத் தந்தார். வளையத்தைத் திருப்பினேன். புள்ளிகள் காட்சியோடு சேர்ந்து சுருங்கின. மூடியின் ஓரத்தில், முன்பு நாலாம் துப்பாக்கியில் சுட்டபோது பட்ட என் நகச்சாயத்தின் சிவப்புக் கீறல். அது நாலாம் துப்பாக்கியின் ஸ்கோப். போட்டியன்று ஏழாம் துப்பாக்கியில் சுட்டவர் செயலாளர்.

ஸ்கோப்பை மாற்றினால் மறுபடி சுட்டு மையம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது மீற்றரில் நான் முதலாவதாக வந்திருக்க முடியாது. மாற்றியவர் ஆறுதலாக இருந்து அதையும் செய்திருக்கிறார். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் கொட்டகைத் திறப்பு யாரிடம் இருந்தது என்று ஒஃபிசரிடம் கேட்டேன். செயலாளரிடம் என்றார்.

அவ்வளவு செய்தும் மனிதர் நாலாவதாக வந்தார். அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று மாதம்

இரண்டு நாளில் போன் வந்தது.

"தங்கச்சி, சாப்பிட்டிட்டீங்களோ?"

"சொல்லுங்கோ."

"நீங்கள் வந்து ஸ்கோப்பைப் பாத்தனீங்களாம் எண்டு ஒஃபிசர் சொன்னார்."

"ஓம். ரெண்டையும் பாத்தனான்."

"அது ஒரு சின்ன மாற்றம். சனிக்கிழமை அவசரத்தில செய்தது. காலமை சொல்ல மறந்துபோனன்."

"நாலாம் துவக்கெண்டு சொல்லி, நோ சேஞ்ச் எண்டும் சொன்னீங்கள். மறந்த ஆள் பேசாமலெல்லோ இருப்பார்?"

"கோட்டில லோயர் கேக்கிற மாதிரிக் கேக்கிறியள்."

"லோயருக்கெண்டாலும் பதில் சொல்லுவியள். எனக்குச் சொல்லேல்லை."

பின்னால் அவர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"இஞ்ச பாருங்கோ. இது வெளியில வந்தா கிளப்புக்குத்தான் கூடாத பேர். ரேஞ்சையே மூடிப்போடுவினம். மூண்டு மாசம் பொறுங்கோ. நான் கொமிற்றியில கதைச்சு உங்களைத் திருப்பி எடுப்பன். அதுவரைக்கும் ஒண்டும் கதையாதேங்கோ."

"குரூப்பில என்னைப் பற்றி எழுதினது?"

"அதை ஆர் இப்ப பாக்கினம்? உங்களுக்கும் ஞாயித்துக்கிழமையில வேற எங்க போறது, தங்கச்சி?"

கடைசியாகச் சொன்னதுதான் சுட்டது. அது உண்மை. எனக்குப் போக வேறு இடம் இல்லை.

உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. மறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்தேன். அடுத்த ஞாயிறு விடியவே விழித்துவிட்டேன். உடுப்புத் தோய்த்தேன். தோய்த்ததையே இன்னொரு தடவை அலசினேன். வீட்டுக்கார அம்மா படியில் நின்று, "என்ன பிள்ளை, கோயில் இல்லையோ இண்டைக்கு?" என்று கேட்டார். "கதவு பூட்டு" என்றேன். கடற்கரைக்குப் போனேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்தேன். தூரத்தில் ஒரு கப்பல். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பார்த்தேன். முழுவதும் மறைந்தது. அதற்குமேல் கடற்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் வந்து முதல்நாள் புட்டைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் பெரிய காலம் அல்ல. வாயை மூடினால் ஞாயிறு திரும்பக் கிடைக்கும். பாய், ஈரப் புல், தூண், தேநீர், எல்லாம். ஆனால் எப்படித் திரும்பிப் போவேன்? கவனமில்லாத பெண் என்று, மன்னிக்கப்பட்டவளாக. ஒவ்வொரு தடவையும் நான் படுக்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் கொஞ்சம் தள்ளிப் படுப்பார். அதற்குப் பதில் என் அறையிலேயே இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலாம் துப்பாக்கி இப்போதும் கழகத்தில் பாவனையில் உள்ளது. குழுவில் எனக்கு வாசிக்க மட்டும் அனுமதி, எழுத முடியாது. வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த ஸ்கோப்பைப் பற்றி இன்றுவரை ஒரு வரி வரவில்லை. பாதி நிலையில் வைத்துச் சுடப்போகிற அடுத்த ஆளுக்கும் அதே இருபது சென்ரிமீற்றர் காத்திருக்கிறது. மண்மேடு உயரம்தான். ஆனால் ஒரு நாள் யாராவது தகரத்தை மாட்ட ஏணியில் ஏறி நிற்கலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். சொல்கிறேன்.

சிவநேசன் அண்ணை, எனக்குப் போன் எடுக்க வேண்டாம். சாப்பிட்டேனா என்று கேட்க வேண்டாம். இந்தப் பத்திரிகை உங்களுக்கும் இடம் தரும், ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். உங்கள் பெயரைப் போட்டு, ஒழுங்கையில் உள்ளவர்களும் கழகத்தில் உள்ளவர்களும் வாசிக்கக்கூடிய மாதிரி எழுதுங்கள். நாலாம் துப்பாக்கியின் ஸ்கோப்பைக் கழற்றி உங்கள் துப்பாக்கியில் ஏற்றியது நீங்களா, இல்லையா? அது தெரிந்துதான் அன்று காலை எங்கள் முன்னால் நின்று மாற்றமில்லை என்று சொன்னீர்களா, இல்லையா?